ஊரை நேசிப்பது எவ்வாறு?

"இந்த ஊரை நான் மிகவும் நேசிக்கிறேன்" என்று ஒருவர் சொல்லும்போது அவர் எதை நேசிக்கிறார்? அந்த ஊரையா, அந்த ஊரில் தமக்குக் கிடைக்கும் இன்பத்தையா? வேடிக்கையான வினாப்போல் இது தோன்றலாம். ஆயினும் ஓய்வுக்காக இடம் தேடுவோரும், அயலூரில் வீடு வாங்குவோரும், ஊர் ஊராகப் பயணம் போவோரும் பெருகிவிட்ட இக்காலத்தில் இவ்வினா மனச்சான்றைத் தொடுவதாகவே உள்ளது. இதனை வெறும் கருத்தாக ஆராய்வதைவிட, ஒரு குறிப்பிட்ட நிலப்பகுதியில் வைத்து எண்ணிப் பார்ப்பது தெளிவு தரும். பிரான்சு நாட்டின் தென்பகுதியில், வோக்ளூஸ் மாவட்டத்தில், லூபெரோன் என்னும் மலைத்தொடர் நீண்டு கிடக்கிறது. அதன் சரிவுகளிலும் அதற்கு எதிரே உள்ள குன்றுகளிலும் கல்லாற் கட்டிய பழங்கிராமங்கள் பல உள்ளன. வெளியிலிருந்து வந்து அங்கே வாழ்ந்த மூன்று இணைகளின் வரலாறு நமக்குக் கிடைத்துள்ளது. மூன்றும் ஒரே பள்ளத்தாக்கில் நிகழ்ந்தவை. ஆனால் மூன்றும் ஒரே தன்மையன அல்ல.

ஓராண்டு வாழ்ந்த வீடு

பீட்டர் மேல் என்பவர் ஆங்கிலேயர். விளம்பரத் துறையில் பல்லாண்டுகள் உழைத்துக் களைத்தவர். 1987-இல் அவரும் அவர் மனைவி ஜென்னியும் மெனெர்ப் என்னும் கிராமத்தையடுத்து, ஏறத்தாழ 200 ஆண்டுப் பழமையுடைய ஒரு பண்ணை வீட்டை வாங்கிக் குடியேறினர். புதினம் ஒன்று எழுதுவது அவரது திட்டம். ஆனால் வீட்டு வேலைகளும் அண்டை அயலாரும் அவருடைய நாள்களை எடுத்துக்கொண்டனர். புதினம் எழுதப்படவில்லை, எழுதவிடாமல் தடுத்தவற்றையே அவர் எழுதினார். 'புரோவான்சில் ஓராண்டு' என்னும் பொருள்படும் அந்நூல் 1989-இல் வெளிவந்தது. சனவரியில் தொடங்கி டிசம்பரில் முடியும் பன்னிரு இயல்கள். ஒவ்வொரு திங்களுக்கும் ஒன்று.

அந்நூலில் பெரிய நிகழ்ச்சி எதுவும் இல்லை. 'மிஸ்திரால்' என்னும் கடுங்குளிர்க் காற்று வீசுகிறது. தண்ணீர்க் குழாய்கள் உறைந்து வெடிக்கின்றன. நாளை வருகிறேன் என்று சொல்லிச் சென்ற கொத்தனார் திங்கள் பல கழிந்தும் வருவதில்லை. முற்றத்திற்கென வாங்கிய கல்மேசை அசைக்க இயலாத கனமாக இருக்கிறது. சந்தை நாளில் காய்கனி வாங்குகிறார்கள். திராட்சை அறுவடையைப் பார்க்கிறார்கள். வேலைகள் முடிந்தபாடில்லை என்றபோது மனைவிக்கு ஒரு யோசனை தோன்றுகிறது: பணியாளர்களை மட்டுமன்றி அவர்தம் மனைவியரையும் ஒரு விருந்துக்கு அழைப்பது! முடிக்கப்படாத வேலையைத் தம் மனைவி காண எந்தக் கொத்தனார் உடன்படுவார்? வேலை முடிந்தது. இத்தகைய அன்றாடச் செய்திகளே நூல் முழுவதும். கணவனும் மனைவியும் பொறுமையோடும் நகைச்சுவையோடும் ஒரு வீட்டைத் தங்கள் வீடாக்கிக் கொள்ளும் அழகே அதன் சிறப்பு.

முதலில் 3000 படிகளே அச்சாயின. பின்னர் அது பல மொழிகளில் பல இலட்சம் படிகள் விற்றது. 1993-இல் தொலைக்காட்சித் தொடராகவும் வந்தது. விளைவு என்ன? வாசகர்கள் அந்த வீட்டைத் தேடிப் புறப்பட்டனர். வேலியருகே நின்று பார்த்தனர்; வாயிலில் நூலோடு நின்று கையொப்பம் கேட்டனர். அமைதியை நாடிச் சென்ற தம்பதியர் அமைதியை இழந்து, சில ஆண்டுகளில் அவ்வீட்டை விட்டு அமெரிக்காவிற்குச் சென்றனர். பிற்காலத்தில் அதே மலைத்தொடரின் மறுபுறமுள்ள லூர்மாரேன் என்னும் ஊருக்குத் திரும்பினர். பீட்டர் மேல் 2018-இல் அம்மண்ணிலேயே மறைந்தார்.

அவர் செய்த குற்றம் யாது? எதுவுமில்லை. உழைத்துச் சேர்த்த பொருளால் வீடு வாங்கினார், அயலாரை மதித்தார், தாம் விரும்பியதை விரும்பியவாறே எழுதினார். ஆயினும் அவர் நேசித்த அமைதியை, அந்த நேசத்தின் புகழே கலைத்துவிட்டது. தனிமனிதர் எவரும் தவறு செய்யாத இடத்தில் ஊருக்கு ஒரு கேடு நேரக்கூடும் என்பதை நாம் கவனிக்க வேண்டும். ஆகவே "இவர் குற்றவாளியா?" என்று கேட்பதைவிட "நேசம் என்பது எத்தகையது?" என்று கேட்பதே பயனுடையது.

இரசமும் நண்பனும்

இங்கே புனித தாமஸ் அக்வினாஸ் நமக்கு உதவுகிறார். அன்பைப் பற்றி ஆராயுமிடத்தில் அவர் இருவகை நேசத்தை வேறுபடுத்துகிறார். திராட்சை இரசத்தை நேசிப்பதாக ஒருவன் சொல்கிறான். குதிரையை நேசிப்பதாகவும் சொல்கிறான். அவன் இரசத்தின் நன்மையை விரும்பவில்லை. இரசத்தால் தனக்கு வரும் நன்மையையே விரும்புகிறான். இரசத்தோடு ஒருவன் நட்புக் கொண்டுள்ளான் என்று சொன்னால் நகைப்பிற்கிடமாகும். நண்பனை நேசிப்பதோ வேறு. அவனுடைய நன்மையை அவனுக்காகவே விரும்புகிறோம். அதுவும் போதாது என்கிறார் அக்வினாஸ். நட்பு இருபுறமும் இருக்க வேண்டும். அதற்கு அடிப்படையாக ஏதேனும் ஒரு வாழ்வுப் பகிர்வும் இருக்க வேண்டும்.

இரசத்தை நேசிப்பது பாவமன்று. படைப்பின் நன்மைகளைச் சுவைப்பது நன்றியுள்ள மனத்தின் செயல். தவறு எங்கே தோன்றுகிறது? நண்பனை இரசமாக்கும்போது தோன்றுகிறது. மனிதர் பிறந்து, மணந்து, கடன்பட்டு, முதுமையுற்று, இறக்கும் இடமான ஓர் ஊரைச் சுவைத்து முடிக்கும் பொருளாகக் கொள்ளும்போது தோன்றுகிறது. அவ்வூரார் நம் ஓய்வுக் காட்சியில் வரும் பின்னணி உருவங்கள் ஆகிவிடுகின்றனர்.

அடைத்த சன்னல்கள்

பிரான்சில் ஏறத்தாழ 35,000 ஊராட்சிகள் உள்ளன. அவற்றுள் பாதிக்கு மேற்பட்டவற்றில் 500 பேர்கூட இல்லை. நாட்டிலுள்ள வீடுகளில் பத்தில் ஒன்று, ஆண்டில் சில வாரங்களுக்கு மட்டும் திறக்கப்படும் இரண்டாம் வீடாக உள்ளது. அவற்றின் உடைமையாளருள் மிகப் பெரும்பாலோர் அயல்நாட்டார் அல்லர், பிரெஞ்சு நகரத்தாரே. அழகிய பகுதிகளில் இவ்வீடுகள் மிகுதி. கோடையில் தெருக்கள் நிரம்பி வழியும். நவம்பரில் அதே தெருவில் வரிசையாக அடைத்த சன்னல்கள். நான்கு வீடுகளுக்கு ரொட்டி சுட்டு அடுமனைக்காரர் பிழைக்க முடியாது. குழந்தைகள் இல்லாத ஊரில் பள்ளி நிலைக்காது. வெளியாரின் பணத்தால் வீட்டு விலை உயர்ந்தபின், அவ்வூரிலேயே பிறந்த இளந்தம்பதியர் தம் தாத்தா வாழ்ந்த தெருவில் ஒரு வீடு வாங்க முடிவதில்லை.

மறுபக்கத்தையும் நேர்மையோடு சொல்ல வேண்டும். இவ்வூர்களை வெளியார் வந்து காலியாக்கவில்லை. அவர்கள் வருவதற்கு முன்னரே அவை காலியாகிக் கொண்டிருந்தன. 1914 முதல் 1918 வரை நடந்த போர், பிரான்சின் உழவர் மக்களைப் பெருந்தொகையாகக் கொண்டுபோயிற்று. மிகச் சிற்றூர்களிலும் அவர்கள் பெயர் பொறித்த நினைவுக்கல்லை இன்றும் காணலாம். பின்னர் உழவு இயந்திரங்கள் வந்தன; நகரத்தின் வேலை அழைத்தது; பிள்ளைகள் போயினர். கூரை இடிந்து முட்புதர் மண்டிய வீடுகளை வாங்கிச் செப்பனிட்டவர்கள் பல இடங்களில் வெளியாரே. அவர்களால் கொத்தனாருக்கும் தச்சருக்கும் வேலை கிடைத்தது.

இக்கவலையோடு 1982-இல் எழுந்ததுதான் 'பிரான்சின் மிக அழகிய கிராமங்கள்' என்னும் சங்கம். கொறேஸ் மாவட்டத்தில் செந்நிறக் கற்களால் ஆன கொலோஞ்-லா-ரூஜ் என்னும் ஊரின் தலைவர் சார்ல் செராக் அதனைத் தொடங்கினார். மக்கள்தொகை 2000-க்கு மிகாத, பாதுகாக்கப்பட்ட பழஞ்சின்னங்களையுடைய ஊர்களே அதில் சேரலாம். மெனெர்ப் அதில் உண்டு. அதே பள்ளத்தாக்கிலுள்ள ரூசியோன் என்னும் ஊரும் உண்டு. பார்வையாளர் வருவதால் ஊர் பிழைக்கும் என்பது சங்கத்தின் நம்பிக்கை. ஓரளவு அது மெய்யாயிற்று. ஆயினும் அழகுக்காகக் காக்கப்படும் ஊர் வாழ்வதற்கான ஊராக நிலைக்குமா என்னும் வினா எஞ்சி நிற்கிறது.

மரம் நடத் தயங்கிய ஊர்

ரூசியோன், காவிமண் குன்றின்மேல் அமைந்த சிவந்த ஊர். லாரன்ஸ் வைலி என்னும் அமெரிக்கப் பேராசிரியர் 1950-இல் தம் மனைவியோடும் இரு புதல்வரோடும் அங்கு வந்து ஓராண்டு தங்கினார். ஊரின் வாழ்வை ஆராய்வது அவர் நோக்கம். 1957-இல் வெளிவந்த நூலில் ஊராரின் மறைவைக் காக்க வேண்டி ஊருக்கு 'பெய்ரான்' என்று வேறு பெயர் சூட்டினார். தாம் அறிந்ததை எழுதும்போதும், அறியப்பட்டவரின் அமைதியைக் காக்கும் கடமையை அவர் நினைத்தார் என்பது கருதத்தக்கது.

வைலி குடும்பத்தினர் வேடிக்கை பார்ப்போராக ஒதுங்கி வாழவில்லை. மகன் ஊர்ப்பள்ளிக்குச் சென்றான். பெற்றோர் ஊராரோடு பழகினர். அழகிய ஓய்விடத்தை எதிர்பார்த்துச் செல்லும் எவரும் காணாத ஒன்றை அவர்கள் கண்டனர். அவ்வூர் உழவர்கள் பழமரத் தோப்பு வைக்கத் தயங்கினர். மரம் காய்க்கப் பல ஆண்டுகள் ஆகும். அதற்குள் மற்றொரு போர் வந்து அனைத்தையும் அழித்துவிடும் என்று அஞ்சினர். இரு உலகப் போர்களைக் கண்ட மக்களின் உள்ளத்து இருள் அது. சுமார் பத்தாண்டு கழித்து வைலி மீண்டும் சென்றபோது, முன்னர்த் தயங்கியவர்கள் மரங்களை நட்டிருந்தனர். ஊருக்கு எதிர்காலத்தின்மேல் நம்பிக்கை பிறந்திருந்தது. அதைக் கண்டு அவர் மகிழ்ந்தார். அத்தோப்புகளால் அவருக்கு ஒரு பழமும் இலாபம் இல்லை. நண்பனின் நன்மையை நண்பனுக்காகவே விரும்புதல் என்று அக்வினாஸ் சொன்னது இதுவன்றோ?

கூலியாக வந்த இருவர்

அதே ரூசியோனுக்கு, வைலி வருவதற்கு எட்டு ஆண்டுகளுக்கு முன், 1942-இன் இலையுதிர் காலத்தில் வேறு இருவர் வந்தனர். ஒருவர் அயர்லாந்து நாட்டு எழுத்தாளர் சாமுவேல் பெக்கெட். மற்றவர் அவருடைய வாழ்க்கைத் துணையான சுசான். (அவர்கள் முறைப்படி மணந்துகொண்டது 1961-இல்தான்.) பாரிசில் செருமானியருக்கு எதிரான மறைவுக் குழுவில் இருவரும் பணியாற்றி வந்தனர். அக்குழு காட்டிக்கொடுக்கப்பட்டது. காட்டிக்கொடுத்தவர் ஒரு குருவானவர் என்பது நமக்குக் கசப்பான செய்தி. பின்னர் 1949-இல் அவர் மரண தண்டனை பெற்றார். தோழர் பலர் பிடிபட, இவ்விருவரும் தப்பித் தெற்கே வந்து சேர்ந்த ஊர் ரூசியோன்.

அவர்களிடம் பணம் இல்லை. பெக்கெட் உழவர்களின் நிலத்தில் வேலை செய்தார்; கூலியாக உருளைக்கிழங்கும் காய்கறியும் திராட்சை இரசமும் பெற்றார். அவரைப் பொறுத்தவரை திராட்சை அறுவடை பார்த்து மகிழும் விழாவன்று, உணவு தந்த வேலை. இரண்டரை ஆண்டு அளவில் அவ்வூர் அவர்களைத் தன் நடுவே வைத்திருந்தது. அயலார் என்று அனைவருக்கும் தெரியும். ஒரு சொல் போதும், அவர்கள் உயிர் போயிருக்கும். அந்தச் சொல் சொல்லப்படவில்லை. 1944-இல் பெக்கெட் அப்பகுதியின் எதிர்ப்புப் படையினரோடும் சேர்ந்துகொண்டார். போருக்குப்பின் அவர் பிரெஞ்சில் எழுதிய 'கோதோவை எதிர்பார்த்து' என்னும் நாடகத்தில், ரூசியோனையும் அங்குத் தமக்கு வேலை தந்த உழவர் ஒருவரையும் பெயர் சொல்லி நினைத்திருக்கிறார்.

இங்கே நட்பு இருபுறமும் இருப்பதைக் காண்கிறோம். ஒருவர் தம் கைகளின் உழைப்பைத் தந்தார். மற்றவர் தம் மௌனத்தைத் தந்தனர். அவர்களுக்கு இடையே பகிரப்பட்ட வாழ்வு என்ன? பசியும் ஆபத்தும்.

ஆபத்து வேண்டுமா?

இங்கே ஒரு தடை எழலாம். "போர்க்கால அகதிகளை எடுத்துக்காட்டி அமைதிக்கால மனிதரை எடைபோடுவது முறையா? ஓய்வுபெற்ற தம்பதியர் ஒரு சிறு வீட்டில் இளைப்பாறவும் கூடாதா?" இத்தடை நியாயமானது. துன்பம் வந்தால்தான் ஊரோடு நட்பு என்றால் எவருக்கும் நட்பு வேண்டா. ஆனால் அமைதிக் காலத்திலும் பகிர்வதற்கு ஒன்று உண்டு. அது ஊரின் சுமை.

ஐரோப்பிய ஒன்றியத்து நாடுகளின் குடிமக்கள், தாம் வாழும் பிரெஞ்சு ஊராட்சியில் வாக்களிக்கவும் உறுப்பினராகவும் 2001-ஆம் ஆண்டுத் தேர்தல் முதல் உரிமை பெற்றனர். அதன் பயனாக, மேல் தம்பதியரைப் போல் பிரான்சின் கிராமங்களில் குடியேறிய ஆங்கிலேயர் பலர் ஊராட்சி உறுப்பினர் ஆயினர். அவர்கள் ஆற்றிய பணியை எவரும் நூலாக எழுதி இலட்சக்கணக்கில் விற்க முடியாது. சாக்கடை, பள்ளி மதிய உணவு, கல்லறைத் தோட்டத்துச் சுவர், ஒழுகும் ஆலயக் கூரை ஆகியவை ஊராட்சியின் கவலைகள். (1905-க்கு முன் கட்டப்பட்ட பங்கு ஆலயங்கள் பெரும்பாலும் ஊராட்சிக்கே உரியவை, ஆதலால் ஆலயத்திற்கு வராதவரும் அக்கூரையைப் பற்றிக் கவலைப்பட்டாக வேண்டும்.) பிரித்தானியா 2020 சனவரி 31 அன்று ஒன்றியத்திலிருந்து விலகியது. அதே ஆண்டு மார்ச்சில் நடந்த ஊராட்சித் தேர்தலில் ஆங்கிலேயர் நிற்க இயலாமற்போயிற்று. அப்போது பதவியில் இருந்தவர்கள் 700-க்கும் மேற்பட்டோர். வீடு அவர்களிடமே இருந்தது, தோட்டமும் இருந்தது, இன்பம் எதுவும் குறையவில்லை. போனது சுமக்கும் உரிமை மட்டுமே. அதை ஓர் இழப்பாக உணர்ந்தவர் எவரோ, அவர் ஊரை நண்பனாக நேசித்தவர்.

மற்றொன்றும் உண்டு. பிரான்சின் தீயணைப்பு வீரர்களில் ஐந்தில் ஏறத்தாழ நால்வர் தன்னார்வலர். கோடையில் காட்டுத்தீ பரவும் புரோவான்சில், நள்ளிரவில் அழைப்பு வந்ததும் எழுந்து ஓடுபவர் அடுமனைக்காரரும் பள்ளி ஆசிரியருமாக இருக்கலாம். விடுமுறைக்கு மட்டும் திறக்கும் வீட்டை அவர்கள் காக்கிறார்கள். அவ்வீட்டிலிருந்து எவரும் அப்படையில் சேர முடியாது. இந்தக் கணக்கு என்றும் ஒருபக்கமாகவே நிற்கிறது.

இருவர் மட்டுமான உலகம்

நாம் பேசுவது தம்பதியரைப் பற்றி. கணவன் மனைவியரிடையே உள்ளதே மிகப் பெரிய நட்பு என்று அக்வினாஸ் பிறிதோரிடத்தில் கூறுகிறார். மூப்பெய்தும் காலத்தில் இருவர் ஒருவருக்கொருவர் துணையாய், காலையில் ரொட்டி வாங்க நடந்து, மாலையில் ஒரு மேசையில் அமர்ந்து வாழ்வது பேரழகு. எனினும் அந்த அழகுக்குள் ஒரு சோதனை ஒளிந்திருக்கிறது. ஒருவரின் தன்னலத்தை உலகம் எளிதில் கண்டுகொள்கிறது. இருவர் சேர்ந்து வளர்க்கும் தன்னலம் அன்பைப் போலவே காட்சியளிக்கிறது. "நமக்கு நாம் போதும்" என்னும் சொல் இனிமையானது. அதே சொல் கதவைத் தாழிடவும் செய்கிறது. உண்மையான இல்லற அன்பு தன்னைத் தாண்டிப் பெருகுவது. பிள்ளைகளாக அன்றேல் விருந்தோம்பலாக, விருந்தோம்பலாக அன்றேல் ஊர்ப்பணியாக அது வெளியே வழிய வேண்டும். பணியாளரின் மனைவியரையும் விருந்துக்கு அழைத்த ஜென்னியின் செயலை இப்போது மீண்டும் எண்ணிப் பாருங்கள். அது ஒரு தந்திரமாகத் தொடங்கியது. ஆனால் அந்த மாலையில் ஊரின் குடும்பங்கள் ஒரே வீட்டில் கூடினவே!

சங்கத்தைத் தோற்றுவித்த சார்ல் செராக்கின் உடன்பிறந்தார் ஒருவரை நம்மில் பலர் அறிவோம். அவரே இயேசு சபைத் துறவி பியேர் செராக் அடிகள். 1914-இல் கொலோஞ்சை அடுத்துள்ள மெய்சாக் என்னும் ஊரில் பிறந்து, 1937-இல் இந்தியா வந்து, தமிழும் வடமொழியும் கற்று, மானாமதுரைப் பகுதியின் வறண்ட நிலத்தில் கிணறுகள் தோண்ட உதவி, 2012-இல் சென்னையில் மறைந்தவர். ஒரே குடும்பத்தில் ஒருவர் தம் மண்ணின் ஊர்களைக் காக்க முனைந்தார். மற்றவர் அம்மண்ணை விட்டு அயல்மண்ணின் ஊர்களுக்கு உரியவரானார். நிலத்தடி நீர் ஊராரின் முதற்கவலையாக இருந்த இடத்தில் அவருடைய முதற்கவலையும் அதுவாயிற்று.

இனி, எல்லாரும் குடியேற முடியாது. பெரும்பாலோர் மூன்று நாள் பயணிகளே. மூன்று நாளிலும் செய்யத்தக்கவை உண்டு. பிரெஞ்சுக் கிராமத்துக் கடையில் நுழைவோர் எதையும் கேட்குமுன் வணக்கம் சொல்ல வேண்டும் என்பது அங்குள்ள எழுதாச் சட்டம். சொல்லாதவர் பொருளை வாங்கலாம், மதிப்பைப் பெறார். அங்குள்ள அடுமனையில் ரொட்டி வாங்கலாம். வீட்டுச் சன்னலுக்குள் எட்டிப் பாராமல் நடக்கலாம். நினைவுக்கல்லின் முன் நின்று பெயர்களை வாசிக்கலாம். ஒரே குடும்பப் பெயர் இருமுறை, மும்முறை வருவதைக் காணும்போது, நாம் படமெடுத்த அழகிய தெருவில் எத்தனை தாய்மார் அழுதனர் என்பது விளங்கும்.

வீடு வாங்க எண்ணுவோரோ இன்னும் ஆழ்ந்து தம்மைக் கேட்டுக்கொள்ளட்டும். எனக்கு எப்பயனும் இல்லாதபோதும் இவ்வூர் நன்றாயிருக்க வேண்டும் என விரும்புகிறேனா? இவர்கள் மொழியைக் கற்பேனா? மழைக்காலத்திலும் என் சன்னல் திறந்திருக்குமா? இவ்வூரில் ஒரு சாவு நேர்ந்தால் எனக்குச் சொல்லியனுப்புவார்களா? நான் இனி வரமாட்டேன் என்றால், வருந்துபவர் ஒருவரேனும் இருப்பாரா? கணவனும் மனைவியும் ஒரு மாலை அமர்ந்து இவற்றிற்கு விடை தேடட்டும். விடை கிடைக்குமுன் கையொப்பமிட அவசரம் வேண்டா.